இனிஷியல் இல்லாத நடை

திங்கட்கிழமை காலையில் இலக்கியாவின் மேஜைக்கு வந்த முதல் அறிக்கை ஒரு முழங்காலைப் பற்றியது. புன்னைக்காயல் கடலில், ஒரு வள்ளத்தின் மேல், செயற்கை முழங்கால் ஒன்று திடீரென்று விறைத்துப் பூட்டிக்கொண்டது. காலுக்கு உரியவர் தண்ணீரில் விழுந்தார். அவரைப் பிடிக்கக் குதித்த தம்பி திரும்பி வரவில்லை. விழுந்தவரைப் பக்கத்து வள்ளத்துக்காரர்கள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள்.

கடைசி வரியில், 'சம்பவத்தின்போது இயங்கிய தொகுப்பு: ஈரடி/நடை' என்று இருந்தது.

இரண்டு சொற்களுக்கும் நடுவில் நிற்கும் அந்தச் சாய்கோடு இலக்கியா போட்டது.

அந்தக் காலத்தில் பாதிப் பேர் உடம்பில் ஏதாவது ஒரு கருவியோடுதான் நடமாடினார்கள். காதில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, இடுப்பில் சர்க்கரைக்கான பம்ப் ஒன்று. கருவியைச் செய்தவர் ஒருவர், அதற்குள் ஓடும் மென்பொருள் தொகுப்பை எழுதியவர் வேறொருவர். எழுதுகிறவர்கள் பெருகப் பெருகப் பெயர்கள் மோதிக்கொண்டன. 'நாடி' என்ற பெயரில் மட்டும் ஐந்து வெளியீட்டாளர்களின் தொகுப்புகள் இருந்தன. ஒரு முதியவரின் இதயக் கருவி 'நாடி' என்று கேட்க, ஓட்டப் பந்தயக்காரர்களின் கைக்கடிகாரத்துக்கு எழுதப்பட்ட 'நாடி' போய் இறங்கியது. அவர் இறந்த பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு திருச்சியில் பெயர்க்குழுவை அமைத்தது. செவிக் கருவிகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்த இலக்கியாவை அதற்குச் செயலாளராக அழைத்தார்கள்.

முதல் கூட்டத்தில் அவள் சொன்னது மிக எளிமையாக இருந்தது. "ஒரே வகுப்புல ரெண்டு சுரேஷ் இருந்தா டீச்சர் என்ன செய்வாங்க? இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுவாங்க. இங்கேயும் அதேதான். வெளியீட்டாளர் பேரு முன்னாடி, ஒரு சாய்கோடு, அப்புறம் தொகுப்பு பேரு." எல்லோரும் சிரித்து ஒப்புக்கொண்டார்கள்.

பழைய கருவிகள்தான் சிக்கல். அவற்றுக்குச் சாய்கோடு தெரியாது. இனிஷியல் இல்லாத வெறும் பெயரைச் சொல்லித்தான் அப்டேட் கேட்கும். யாருடையதைக் கொடுப்பது? அதற்கும் இலக்கியா ஒரு விதி எழுதினாள். ஒரே பெயர் வைத்திருக்கும் எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மறுப்பு வந்தால் விசாரணை. பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொண்டு, அதிகம் பேர் பயன்படுத்தும் தொகுப்புக்கு அந்த வெறும் பெயரைக் கொடுத்துவிட வேண்டும். அந்த விதியின் சுருக்கத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"மேடம், உக்காருங்க" என்றான் ரிஸ்வான். அவளுக்கு உதவியாக இருந்த பொறியாளன். அவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. உட்காரவில்லை.

"இந்தக் காலுக்கு முதல்ல யார் எழுதினது?"

"தூத்துக்குடியில கடற்கால்னு ஒரு சின்ன வெளியீட்டாளர். அவங்களும் 'நடை'ன்னுதான் பேர் வெச்சிருந்தாங்க. ஈரடி கம்பெனியோடதும் 'நடை'. ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் போச்சு. ஈரடி பதில் போட்டாங்க. கடற்கால் போடலை."

"போடலைன்னா?"

ரிஸ்வான் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நம்ம விதிப்படி சம்மதம்."

'உங்க விதி' என்று சொல்லாமல் 'நம்ம' என்று அவன் சொன்னது மரியாதைக்காக. இலக்கியாவுக்கு அது புரிந்தது.

"அதுக்கப்புறம் அந்தப் பழைய கால்கள் 'நடை'ன்னு கேட்டப்போ எல்லாத்துக்கும் ஈரடியோடது போயிருக்கு. ஆனா அது மோசமான தொகுப்பு இல்ல மேடம். அது வந்ததுலேர்ந்து கால் மாட்டியிருக்கறவங்க விழறது பாதியாக் குறைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்காரங்களே பாராட்டியிருக்காங்க."

"அப்ப இவர் ஏன் விழுந்தார்?"

"போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"வேணாம். நான் போறேன்."

தூத்துக்குடியிலிருந்து ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலுக்குப் போகும் சாலையில் உப்பளங்களின் வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த இலக்கியா கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாகவே வந்தாள். போய் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. அந்த வீட்டு வாசலில் நின்று, நான்தான் சாய்கோடு போட்டவள் என்றா சொல்ல முடியும்?

விழுந்து பிழைத்த கஸ்பாரின் வீடு மாதா கோயிலுக்குப் பின் தெருவில் இருந்தது. சுவரில் தம்பி ரீகனின் படத்துக்குப் புது மாலை போட்டிருந்தார்கள். முப்பது வயது இருக்கலாம். யாரையோ கேலி செய்துவிட்டுப் படத்துக்கு நின்றவனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தான். கஸ்பார் நாற்காலியில் இருந்தார். செயற்கைக் காலைக் கழற்றி, ஒரு துண்டில் சுற்றி, மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள்.

அவர் மனைவி எமில்டா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள். "நீங்கதானா அந்தப் பேரு குடுக்க ஆபீஸு?"

"ஆமாம்மா."

"என்னத்துக்கு வந்திய?"

"என்ன நடந்ததுன்னு அண்ணன்கிட்ட கேக்கணும்."

கஸ்பார் நிமிர்ந்து பார்த்தார். "டெல்ஃபின்னு ஒருத்தன். கடற்கால்னு கடை வெச்சிருந்தானே, அவன்தான். வலை இழுக்குற வின்ச்சுல காலு போன பெறவு அவன்தான் எனக்கு இந்தக் காலை மாட்டிவிட்டான். கடையில வெச்சு மாட்டலம்மா. வள்ளத்துல ஏறுங்கன்னான். ஆழத்துக்குப் போனோம். அலை ஏறையில முட்டு இளகணும், எறங்கையில கொஞ்சம் பிடிக்கணும். அத அந்தக் காலுக்கு அங்க வெச்சுதான் சொல்லிக் குடுத்தான். நாள் பூரா வாந்தி அவனுக்கு. வாயத் தொடைச்சிக்கிட்டு, இன்னொரு தடவ நில்லுங்கண்ணேம்பான். இந்தக் கரையில காலு போனவன் எல்லாத்துக்கும் அப்படித்தான் செஞ்சான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் காலம்பற எந்திரிச்சா, காலு வேறாளு காலா இருக்கு. தரையில ஒரு குறையும் சொல்ல முடியாது. முன்னயாவது கொஞ்சம் இழுத்து நடப்பேன். இது பட்டாளத்துக்காரன் கணக்கா நேரா போவுது. ஆனா வள்ளத்துல ஏறுனா முட்டு கட்டையாப் போயிருது. நாம சாஞ்சா, இவன் விழப்போறான்னு நெனைச்சு அதுவாப் பூட்டிக்கிடுது. கடல்ல சாயாம எப்படிம்மா நிக்க?"

இலக்கியா மூலையில் இருந்த காலைப் பார்த்தாள். தரையில் விழப்போகிறவனுக்குப் பூட்டிக்கொள்ளும் முழங்கால் துணை. கடலில் அதுவே கட்டை. எழுதியவர்கள் ஒருவரும் தப்பாக எழுதவில்லை.

"தெரிஞ்சும் ஏண்ணே கடலுக்குப் போனீங்க?"

"வேற எங்க போவ?" என்றாள் எமில்டா.

"தம்பி சொன்னான்" என்றார் கஸ்பார். "நீ முன்னால அணியத்துல சும்மா உக்காந்துக்க, வலைய நான் பாத்துக்கிடுதேன்னான். அப்படித்தான் போய்ட்டு வந்துக்கிட்டிருந்தோம். அன்னைக்கு வலை அடிப்பாறையில, பாருல மாட்டிக்கிட்டு. அவனால தனியா இழுக்க முடியல. நான் எந்திரிச்சேன்."

எமில்டா படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியின் உருகலை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இலக்கியா மெதுவாகக் கேட்டாள். "கடற்காலுக்கு நாங்க நோட்டீஸ் அனுப்பினோம். இந்தப் பேரை ஈரடிக்குக் குடுக்கலாமான்னு. டெல்ஃபின் ஏன் பதில் போடலை? ஒரு வார்த்தை எழுதியிருந்தா நிறுத்தியிருப்போம்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டெல்ஃபின் செத்து ரெண்டு கிறிஸ்துமஸ் ஆவுது" என்றாள் எமில்டா. "மஞ்சக் காமாலை. கட்டை பிரம்மச்சாரி. கடைய அப்படியே பூட்டிப் போட்டிருக்கு."

இலக்கியா தன் கைகளைப் பார்த்தாள். பூட்டிய ஷட்டருக்கு அடியில் அவளுடைய நோட்டீஸ் கிடந்திருக்கிறது. செத்தவன் பதில் போடவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ரெண்டு கம்பெனிக்காரனுக்கும் எழுதிக் கேட்டிய" என்றார் கஸ்பார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "காலு என் இடுப்புக்குக் கீழதான இருக்கு? என்னைய ஒருத்தரும் கேக்கலியே."

வாசல்வரை வந்த எமில்டா, "அந்தப் பழைய நடையத் திருப்பிக் குடுத்திருங்க. வேற ஒண்ணும் நாங்க கேக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திருச்சிக்குத் திரும்பிய பிறகு இலக்கியாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வெறும் பெயரைப் பிடுங்கிப் பழையபடி கடற்காலுக்கே கொடுத்துவிடலாமா என்று முதலில் நினைத்தாள். ரிஸ்வான் கணக்கைக் காட்டினான். அந்த வகைக் காலைக் கரையில் வாங்கியவர்கள்தான் முதலில் அதிகம். பிறகு மலிவு என்பதால் சேலம், தருமபுரி பக்கமெல்லாம் போயிருக்கிறது. அங்கே மாடிப்படி ஏறும் பள்ளிக்கூட ஆசிரியையும் பஸ் பிடிக்க ஓடும் கொத்தனாரும் இப்போது விழாமல் நடக்கிறார்கள். பெயரைப் பிடுங்கினால் அவர்கள் விழுவார்கள். தவிர, வெளியீட்டாளர் இல்லாத தொகுப்பை யாருக்கும் அனுப்பக் கூடாது என்பதும் விதி. கடற்காலுக்கு ஆள் இல்லை. டெல்ஃபின் எழுதிய 'நடை' அநாதையாகக் குழுவின் காப்பகத்தில் கிடந்தது.

கஸ்பார் கேட்ட கேள்வியையே திருப்பித் திருப்பி யோசித்தபோதுதான் அவளுக்கு வழி தெரிந்தது. கால் யாருடையதோ அவரைக் கேட்க வேண்டும். அவர் பெயரையே முன்னால் போட வேண்டும். வெளியீட்டாளர் இறந்துபோன தொகுப்பை, அதை அணிந்திருப்பவரோ, அவர் சம்மதத்தோடு வேறொருவரோ தன் பெயரில் எடுத்துக்கொள்ளலாம். கஸ்பார்/நடை. கணினியில் இணைத்து நேரடியாக எழுதிவிட்டால், அவர் கால் மட்டும் அந்த முழுப் பெயரைக் கேட்கும். சேலத்து ஆசிரியைக்கு ஒன்றும் மாறாது. ஒரே மூச்சில் திருத்தத்தை எழுதி முடித்தாள்.

குழுவில் ஈரடியின் பிரதிநிதியாக இருந்தவள் சம்யுக்தா. இலக்கியாவோடு ஒரே கல்லூரியில் படித்தவள். எந்தக் கூட்டத்திலும் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். இலக்கியா சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். எதிர்ப்பு எங்கெங்கே வரும், அதற்கு என்ன பதில் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

திருத்தத்தை வாசித்து முடித்ததும் சம்யுக்தாதான் முதலில் பேசினாள். "புன்னைக்காயல்ல நடந்ததுக்கு எங்க நிறுவனம் ரொம்ப வருத்தப்படுது. அது வழக்கா வந்தா நாங்க சந்திக்கிறோம். இந்தத் திருத்தத்தை ஈரடி முழுசா ஆதரிக்குது."

மற்றவர்களும் கை தூக்கினார்கள். டீ வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் இலக்கியா அவளைப் பிடித்தாள். "சண்டை போடுவேன்னு நெனைச்சேன்."

"எதுக்கு? நல்ல திருத்தம். அவங்க காலு, அவங்க பேரு" என்று சொல்லி, அவள் தோளைத் தட்டிவிட்டு சம்யுக்தா லிஃப்டுக்குள் போனாள்.

அன்று வீட்டில் இலக்கியா கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். கணவன் கவின் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். "நீ நெனைச்சது நடந்துடுச்சுல்ல? இன்னும் ஏன் நடந்துக்கிட்டே இருக்க?"

"தெரியல கவின். ரொம்ப லேசா நடந்துடுச்சு."

புன்னைக்காயல் பங்குக் கோயிலின் மண்டபத்தில் பதிவு முகாம் வைத்தார்கள். டெல்ஃபின் கால் மாட்டிவிட்டவர்கள் வேம்பாரிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். சுவரோரம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரிஸ்வான் மேஜை போட்டுக் கணினியை வைத்தான். முதல் ஆளாகக் கஸ்பாரைக் கூப்பிட்டார்கள். எமில்டா கூடவே வந்து நின்றாள்.

வெளியீட்டாளர் என்ற கட்டத்தில் ரிஸ்வான் 'கஸ்பார்' என்று அடித்தான். அடித்ததும் திரையில் ஒரு பத்தி தானாகவே விரிந்தது. எல்லா வெளியீட்டாளர்களுக்கும் வருகிற உறுதிமொழி. ஈரடி போன்ற நிறுவனங்கள் அதைப் படிக்காமலே ஒப்புக்கொள்ளும். அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். இலக்கியா அதைப் பல வருடங்களாகப் பார்க்கவே இல்லை.

'வெளியீட்டாளராகிய நான், இத்தொகுப்பால் எவருக்கு நேரும் தீங்குக்கும் முழுப் பொறுப்பு ஏற்கிறேன்.'

"இருங்க ரிஸ்வான்" என்றாள்.

போனை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனாள். சம்யுக்தா உடனே எடுத்தாள்.

"இது உனக்குத் தெரியும். அதனாலதான் அன்னைக்கு ஒண்ணும் பேசலை."

"உனக்கும் தெரியும்னுதான் நெனைச்சேன். விதி நீ எழுதினது. யார் பேரு முன்னாடி இருக்கோ பொறுப்பு அவங்களோடது. அந்தக் கால்களுக்கு முன்னாடி எங்க பேரு இல்லாம இருந்தா எங்களுக்கு நிம்மதி. அதை நான் மறைக்கலையே."

"அவங்களுக்கு யாரும் இல்ல சம்யு."

"தெரியும். ஆனா கடல்ல நிக்கிற காலுக்கு எங்களால உத்தரவாதம் குடுக்க முடியாது. யார்தான் குடுப்பாங்க? அந்த டெல்ஃபின் குடுத்தாரு. ஒவ்வொருத்தரோடயும் கூடவே போயி நின்னு பாத்தாரு. ஈரடிக்கு லட்சக்கணக்கான கால் இருக்கு இலக்கியா. நான் ஒவ்வொருத்தர் பின்னாடியும் போய் நிக்க முடியுமா?"

அவள் பொய் சொல்லவில்லை. இலக்கியா போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

பத்தியில் எழுதியிருந்ததை அப்படியே கஸ்பாரிடம் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவ்வளவுதான?" என்றார் கஸ்பார். "போடுங்க. விழுந்தா நான்தான விழுதேன்."

"போடாதிய" என்றாள் எமில்டா.

"எமில்டா..."

"போடாதியன்னு சொல்லுதேன்." அவள் குரல் உயரவில்லை, ஆனால் மண்டபம் முழுவதும் கேட்டது. "நீங்க மட்டுமா விழுவிய? நாளைக்கு நீங்க விழுந்து, ஒங்களப் பிடிக்க இன்னொரு வீட்டுப் பிள்ளை குதிச்சான்னா? அதுக்கும் நீங்களா பொறுப்பு? ரீகனுக்கு யாரு பதில் சொல்லப்போறான்னு நாம கேட்டுக்கிட்டு நிக்கோம். இதுல பேரப் போட்டா, இனி பதில் சொல்ல வேண்டிய ஆளு நாமளே ஆயிருவோம். அதுக்கா திருச்சியிலேர்ந்து வந்திருக்காவ?"

கஸ்பார் கடலைப் பார்க்கத் திறந்திருந்த பக்கவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, மெல்ல வெளியே போனார். அவர் பின்னால் இன்னொருவரும் எழுந்தார்.

இலக்கியா பக்கவாசலுக்குப் போனாள். மணலில் கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள் வெயிலில் கிடந்தன. திரும்பி மேஜைக்கு வந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள். ரிஸ்வானுக்கு அவளை உட்காரச் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாவது முறை வந்தபோது அவளே அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். வெளியீட்டாளர் கட்டத்தில் இருந்த பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள்.

இலக்கியா/நடை.

"மேடம், என்ன பண்றீங்க?" ரிஸ்வான் அவள் கையைப் பிடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். "குழுச் செயலாளர் வெளியீட்டாளரா இருக்கக் கூடாது. இதை அழுத்தின நிமிஷமே உங்க வேலை போயிடும்."

"தெரியும்."

"குழு பேர்லயே எடுத்துக்க முடியுமான்னு கேட்டுப் பாக்கலாமே?"

"குழு எதையும் வெளியிட முடியாது. அதையும் நான்தான் எழுதினேன்."

"நீங்க நிரல் எழுதி எத்தனை வருஷமாச்சு! ஏதாவது ஆச்சுன்னா கோர்ட்டுல நிக்கப்போறது நீங்க. கவின் சார்கிட்டயாவது ஒரு வார்த்தை..."

இன்று திரும்பிப் போய்க் கவினிடம் என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "டெல்ஃபின் எழுதினது காப்பகத்துல முழுசா இருக்குல்ல?"

"இருக்கு."

"படிச்சுப் புரிஞ்சுக்கறேன்."

"புரியலைன்னா?"

எமில்டா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து திரையைப் பார்த்தாள். அங்கே இருந்த பெயரை உதட்டுக்குள் வாசித்தாள்.

"ஒங்களுக்கு என்னத்துக்கும்மா இது? கடலுக்குள்ள ஒரு தடவையாவது போயிருக்கியளா?"

"இல்லம்மா." இலக்கியா கஸ்பாரைப் பார்த்தாள். "கூட்டிட்டுப் போவீங்களாண்ணே?"

கஸ்பார் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. "வாந்தி வரும்" என்றார் கஸ்பார்.

இலக்கியா பொத்தானை அழுத்தினாள்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் எப்போதும் எரியும் பச்சைப் புள்ளி அணைந்தது. அவ்வளவுதான், பெயர்க்குழுவில் அவளுடைய காலம் முடிந்துவிட்டது. இனி இந்த மேஜையில் அவள் உட்காரக் கூடாது. எழுந்து, ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சுக்குப் போனாள். ரிஸ்வான் கஸ்பாரின் காலில் பழைய பெயருக்குப் பதில் புதிய பெயரை எழுதத் தொடங்கினான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. குனிந்தே வேலை செய்தான். வெளியே போனவர்களில் ஒருவர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, இலக்கியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பெஞ்ச் நிறைந்துவிட்டது.

கஸ்பார் எழுந்து நின்றார். மண்டபத்தின் நீளத்துக்கு ஒரு நடை போய்த் திரும்பினார். இடதுகாலைச் சற்று இழுத்து, தோளை ஒரு பக்கம் சாய்த்து, ஒழுங்கில்லாமல் நடந்தார். எமில்டா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

பிற்பகல் பஸ்ஸில் இலக்கியா ஆத்தூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் காற்று தணிந்ததும் வள்ளத்தில் ஏற வரச் சொல்லியிருந்தார் கஸ்பார். டெல்ஃபினின் நிரலைத் தன் மடிக்கணினியில் இறக்கியிருந்தாள். திறந்து பார்த்தாள். குறிப்புகள் எல்லாம் பேச்சுத் தமிழில் இருந்தன. 'இங்க கைய வைக்காத, செல்வராஜ் அண்ணன் விழுந்திருவாரு' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தான். யார் அந்தச் செல்வராஜ், ஏன் விழுவார் என்று எதுவும் இல்லை. மேலும் கீழுமாக ஓட்டினாள். பாதிக்கு மேல் புரியவில்லை. செய்தது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது. கவினுக்குப் போன் செய்ய எடுத்து, வைத்துவிட்டாள்.

அப்போது போன் அடித்தது. தெரியாத எண்.

"கடற்காலா?" என்றது ஒரு வயதான குரல்.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது. ஒரு தொகுப்பை யார் எடுத்துக்கொள்கிறார்களோ, அதன் பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகளும் அன்றிலிருந்தே அவர்களுக்குத் திருப்பிவிடப்படும்.

"ஆமா. சொல்லுங்கய்யா."

"அப்பாடா." மறுமுனையில் பெரியவர் மூச்சு விட்டார். "நான் பெரியதாழை. எத்தன நாளாக் கூப்பிடுதேன் தெரியுமா? மணி அடிச்சிக்கிட்டே கெடக்கும், எடுக்க ஆளிருக்காது. இன்னைக்குத்தான் எடுத்திருக்கிய. டெல்ஃபின் தம்பி இல்லியா?"

"அவர் இல்லய்யா. இறந்துட்டாரு."

கடற்காற்று போனுக்குள் இரைந்தது. பிறகு, "அப்பம் இனி யாருகிட்ட சொல்ல?" என்று கேட்டார்.

"என்கிட்ட சொல்லுங்க. நான்தான் பொறுப்பு."

"பெரிசா ஒண்ணுமில்ல தாயி. முட்டு மடங்கையில கிரீச்சுன்னு ஒரு சத்தம் வருது. பூசையில முழங்கால் போட்டா எல்லாரும் திரும்பிப் பாக்காவ."

இலக்கியா மடிக்கணினியை இழுத்து முழங்கால் மேல் சரியாக வைத்துக்கொண்டாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சத்தம் உட்காரும்போது வருகிறதா, எழும்போதா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே காதருகே இன்னொரு அழைப்பு வந்து காத்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"கொஞ்சம் இருங்கய்யா" என்றாள். "வெச்சுடாதீங்க. எடுக்கறேன், ஒவ்வொருத்தரா எடுக்கறேன்."